கூட்டி வருவது சுலபம், இருக்க வைப்பதுதான் வேலை

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் படிப்பை விட்டுவிட்டான் என்று ஊருக்குத் தெரியவரும்போது, அவன் விட்டு இரண்டு மாதம் ஆகியிருக்கும். எந்தப் பிள்ளையும் ஒருநாள் காலையில் எழுந்து இன்றோடு போதும் என்று முடிவெடுப்பதில்லை. முதலில் திங்கட்கிழமை வரமாட்டான். பிறகு திங்களும் செவ்வாயும். அப்புறம் மதிய மணி அடித்த பின் பை மட்டும் பெஞ்சில் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். ஒருநாள் பையும் போய்விடும். இவ்வளவும் வருகைப் பதிவேட்டில் வரிசையாக இருக்கும். யாரும் அதை அந்தக் கண்ணோடு படிப்பதில்லை, அவ்வளவுதான்.

மாத முடிவில் சதவீதம் போட்டுப் பார்த்தால் இது தெரியாது. 22 நாளில் 17 நாள் வந்தவன் கணக்கில் நல்ல பிள்ளை. வராத ஐந்து நாளும் எந்தக் கிழமை என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். திங்கள் என்றால் ஞாயிறு முகூர்த்தத்துக்கு மண்டபத்தில் பரிமாறிவிட்டு விடியற்காலை வந்து தூங்குகிறான். வாரத்தில் ஒரே குறிப்பிட்ட நாள் என்றால் அன்றைக்கு எந்தப் பாடத்தில் டெஸ்ட் என்று பாருங்கள். பெண் பிள்ளை மாதத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல வரவில்லை என்றால் முதலில் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று போய்ப் பாருங்கள். வீட்டுக்குப் போவதெல்லாம் அப்புறம்.

இதற்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறை இணையப் பதிவில் வருகை ஏறுகிறது, சரி. ஆனால் எமிஸ் காரணம் கேட்காது. நோட்டில் ஆறு கட்டம்: பெயர், கடைசியாக வந்த தேதி, யார் போன் செய்தது, யார் எடுத்தது, என்ன சொன்னார்கள், அடுத்து எப்போது பேசுவது. ஆறாவது கட்டத்தைக் காலியாக விட்ட பெயர்கள்தான் பெரும்பாலும் கைவிட்டுப் போகும். தொடர்ந்து மூன்று நாள், அல்லது விட்டுவிட்டு ஒரே மாதத்தில் ஐந்து நாள்: இந்த இரண்டில் எது நடந்தாலும் பெயர் நோட்டில் ஏற வேண்டும். அரசுக் கணக்கில் 'இடைநின்றவர்' என்று பெயர் ஏற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருந்தால் அவன் திருப்பூரில் சம்பளம் வாங்கிப் பழகியிருப்பான்.

போன் நம்பர்தான் முதல் தடங்கல். ஜூனில் எழுதிக்கொடுத்த நம்பர் ஆகஸ்டில் ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். சேர்க்கையின்போதே இரண்டாவது நம்பர் ஒன்று வாங்கி வையுங்கள். அப்பாவுடையது வேண்டாம். பக்கத்து வீடு, அத்தை, மளிகைக் கடை என்று யாராவது. கூடவே, அதே தெருவிலிருந்து வரும் வகுப்புத் தோழன் யார் என்றும் எழுதிவைத்தால் பாதி வேலை மிச்சம்.

பேசும்போது "ஏன் வரல?" என்று ஆரம்பித்தால் பொய்தான் வரும். "அம்மா, கிளாஸ் டீச்சர் பேசறேன். மூணு நாளா தம்பியக் காணோமே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டால், முடியாவிட்டால் ஆமாம் என்பார்கள், இல்லாவிட்டால் கொஞ்சம் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் போதும். "மாமா வீட்டுக்குப் போயிருக்கான் டீச்சர்" என்று சொன்னால், எந்த ஊர், எப்போது வருவான் என்று மட்டும் கேளுங்கள். ஊர் பெயர் வந்து தேதி வராவிட்டால் அங்கே மாமா இல்லை, வேலைதான் இருக்கிறது.

வீட்டுக்குப் போவதென்றால் நேரம் பார்த்துப் போக வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களை காலை ஏழரைக்கு முன்னாலோ இரவு ஏழுக்குப் பின்னாலோதான் பிடிக்க முடியும். பள்ளி நேரத்தில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவது பதிவேட்டில் எழுத மட்டுமே உதவும். முதல் தடவையே தலைமையாசிரியர், ஆசிரியர் பயிற்றுநர், வார்டு உறுப்பினர் என்று ஜீப்பில் போய் இறங்காதீர்கள். தெருவே கூடிவிடும், அவமானத்தில் பிள்ளை பின்வாசல் வழியாக ஓடிவிடுவான். இரண்டு பேர் போதும், பெண் பிள்ளை வீடென்றால் ஒருவர் ஆசிரியை. வாசலில் நின்று பேசாமல் உட்கார வேண்டும், கொடுக்கிற தண்ணீரைக் குடிக்க வேண்டும். சில தெருக்களில் அந்த ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துத்தான் நம்மை எடைபோடுவார்கள்.

எல்லா வீட்டிலும் முதலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அவனுக்குப் படிப்பு ஏறல சார்." இதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. பாதிக்குப் பாதி அது உண்மை. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமலே ஒன்பதுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஏழு பீரியட் உட்கார்ந்திருப்பது என்பது தெரியாத பாஷையில் ஏழு மணி நேரம் சினிமா பார்ப்பது மாதிரி. இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதே 14 வயதில்தான் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் முழுத் தடையும் விலகுகிறது. 2016 திருத்தத்தின்படி 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களுக்கு மட்டுமே தடை. பட்டாசு ஆலைக்குத் தடை உண்டு, கல்யாண மண்டபத்தில் இலை போடுவதற்கு இல்லை. ஆக, படிப்பு கடினமாகிற அதே வருஷத்தில்தான் வேலைக்கான கதவும் திறக்கிறது.

படிக்கத் தெரிகிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய தேர்வு எதுவும் வேண்டாம். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி, ஈரிலக்க எண்ணால் ஒரு வகுத்தல். தனியாகக் கூப்பிட்டு, வேறு யாரும் பார்க்காமல். தடுமாறுகிறவர்களை நான்கு பேராகப் பிரித்து ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் என்று மூன்று மாதம் விடாமல் செய்தால் பத்தி படிக்க வந்துவிடும். மாலை ஸ்பெஷல் கிளாஸில் நாற்பது பேரையும் உட்கார வைத்து அதே பாடத்தை இன்னொரு தடவை நடத்துவதால் இது நடக்காது. மாலை நேரமே தோதில்லை. கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு என்றால் மெதுவாகப் படிக்கிற பிள்ளைதான் முதலில் கிளம்பும். உடற்கல்வி பீரியடைப் பிடுங்குவது அதைவிடக் கேடு. சில பையன்கள் அந்த ஒரு பீரியடுக்காகத்தான் பள்ளிக்கே வருகிறார்கள்.

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் கணக்கு வேறு. அங்கே பாஸ் ஆக ஒவ்வொரு பாடத்திலும் 35 மதிப்பெண் தேவை. கணிதத் தாளை எடுத்துக்கொள்வோம்: ஒரு மதிப்பெண் வினா 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, கடைசியில் வடிவியல் ஒன்றும் வரைபடம் ஒன்றும் தலா 8. கணக்கே வராது என்கிற பிள்ளைக்கும் கை வரும். ஸ்கேல், காம்பஸ், கூர்மையான பென்சில் கொடுத்து வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, நேர்மாறல், எதிர்மாறல் ஆகியவற்றை நவம்பரிலிருந்து தினம் ஒன்று போட வைத்தால் அந்த 16-இல் 12 கிடைக்கும். ஒரு மதிப்பெண்ணில் பெரும்பகுதி புத்தகப் பின்வினாக்கள், அதில் 9. இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஏழு சரியாக வந்தால் 14. கூட்டினால் 35. பலகையில் இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டுங்கள். "நீயும் பாஸ் ஆவே தம்பி" என்று பத்துத் தடவை சொல்வதைவிட அந்த மூன்று வரி வேலை செய்யும். அறிவியலில் 25 செய்முறைக்கு, 75 எழுத்துத் தேர்வுக்கு. எழுத்தில் 20 எடுத்து மொத்தம் 35 வந்தால் போதும். ஆகையால் செய்முறைத் தேர்வு நாளில் வராமல் போவதுபோல நஷ்டம் வேறில்லை. அந்த வாரம் முழுக்க, நோட்டில் பெயர் உள்ளவர்களின் வீட்டுக்கு முதல் நாள் இரவே போன் போயிருக்க வேண்டும்.

இனி பணம். பையன் கொண்டுவரும் கூலி வீட்டில் எதற்குப் போகிறது என்று தெரியாமல் அறிவுரை சொல்லக் கூடாது. பெரும்பாலும் குழுக் கடனின் வாரத் தவணைக்குப் போகும். தவணைக்காரர் வாசலில் உட்காரும் கிழமையில் போய்ப் படிப்பின் அருமையைப் பேசினால் அந்த அம்மா என்ன செய்வார்? எவ்வளவு குறைகிறது என்று தொகையாகவே கேளுங்கள். மாதம் மூவாயிரமா, நாலாயிரமா? அதற்குப் பக்கத்தில் வருகிற உதவி எது என்று தேட முடியும். அப்பா இறந்து, அல்லது விட்டுவிட்டுப் போய், அம்மா தனியாக இருக்கும் வீடுகளுக்கு மிஷன் வாத்சல்யா என்னும் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவர் இறந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு 2025 செப்டம்பரில் வந்த அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000. வருமானம் ஈட்டும் பெற்றோர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகை. இதைத் தலைமையாசிரியர் வழியாகத்தான் கேட்க வேண்டும், பல வீடுகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

திட்டம் இருந்தும் பணம் வராமல் போவதற்குக் காரணங்கள் எப்போதும் ஒரே மாதிரிதான். இறப்புச் சான்றிதழே வாங்கியிருக்க மாட்டார்கள். ஆதாரில் முதலெழுத்து முன்னால், பள்ளிப் பதிவில் பின்னால். வங்கிக் கணக்கு இருக்கும், ஆதார் இணைந்திருக்காது. அல்லது இரண்டு வருஷமாகப் பணமே போடாமல் கணக்கு முடங்கியிருக்கும். வருமானச் சான்றிதழ் போன வருஷத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலியை விட்டு அலைய வேண்டும் என்பதால்தான் அந்த அம்மா பாதியில் விட்டுவிடுகிறார். "தாசில்தார் ஆபீஸ் போய் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புவது உதவியாகாது. இ-சேவை மையத்துக்குக் கூடவே போய், விண்ணப்ப எண்ணை நம் நோட்டிலும் எழுதிக்கொள்வதுதான் உதவி. அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கினால் ஆதார் இணைப்பும் பெரும்பாலும் அதே நடையில் முடிந்துவிடும்.

பெண்களுக்கான புதுமைப்பெண், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் ஆகிய இரண்டு திட்டங்களிலும் கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் வரும். அம்மாக்களிடம் இந்தப் பேச்சு நன்றாக எடுபடும். ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சுத்தமாக எடுபடாது. நான்கு வருஷம் கழித்து வரும் ஆயிரத்தை இந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கிடைக்கும் ஐந்நூறோடு அவன் ஒப்பிடவே மாட்டான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் தேதிகளைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த ஏப்ரல், மே மாதங்களில்தான் குழந்தைக் கல்யாண அபாயம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 'பேசி வச்சிருக்கோம்' என்ற சொல் காதில் விழுந்தாலே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லலாம். யார் சொன்னது என்பது வெளியே போகாது, போகவும் கூடாது. கல்யாணத்தை நிறுத்துவதோடு கடமை முடிந்தது என்று அதிகாரிகள் கிளம்பிவிடுவார்கள். ஜூனில் அந்தப் பெண் பதினொன்றில் சேர்ந்தாளா என்று பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். நிறுத்தப்பட்ட கல்யாணம் மூன்று மாதம் கழித்து வேறு ஊர்க் கோயிலில் நடக்கும். எனவே அந்தப் பெயர் நோட்டில் ஒரு வருஷம் இருக்க வேண்டும். வீட்டில் இருப்பதே ஆபத்து என்றால் சமூகநீதி விடுதி இருக்கிறது. ஜூன், ஜூலையிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

பையன்களைத் துரத்துவது பல இடங்களில் பள்ளியின் கேட்தான். முடி சரியில்லை, வெட்டிவிட்டு வா. லேட், வெளியே நில். ஷூ இல்லை, அப்பாவைக் கூட்டி வா. ஒழுக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் வீட்டுக்குப் போவதில்லை, அவனைப் போலவே நிற்கும் நாலு பேரோடு டீக்கடைக்குப் போகிறான். கூல் லிப், ஹான்ஸ் என்னும் புகையிலைப் பொட்டலங்கள் அங்கேதான் அறிமுகமாகின்றன. பால் ஊற்றிவிட்டோ பேப்பர் போட்டுவிட்டோ ஒன்பதரைக்கு வருகிறவனை உள்ளே விட்டுவிட்டு, மதியம் பேசிக்கொள்ளலாம். முடியை வெட்ட வேண்டுமென்றால் சனிக்கிழமை வரை தவணை கொடுங்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், பாதிப் பேர் வெட்டிக்கொண்டு வருவார்கள்.

வராததற்கான காரணம் சாதியாக இருந்தால் மேலே சொன்ன எல்லா முறைகளையும் ஒதுக்கிவைத்து யோசிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியைச் சேர்ந்த, பிளஸ் டூ படித்த பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களின் தொந்தரவால் பள்ளிக்கு வராமல் இருந்தார். காரணம் விசாரிக்கப்பட்டது, புகாரானது, அன்றிரவே வீடு புகுந்து அவரையும் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. இந்த வேலையில் இருக்கிறவர்கள் மறக்கக் கூடாத விஷயம் வரிசைதான். பிள்ளை காரணத்தைச் சொன்னதும் தொந்தரவு செய்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கத் தோன்றும். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை இன்றைக்கு எப்படி வீடு போகும், இரவு எங்கே இருக்கும், காவல் துறைக்கும் 1098-க்கும் தகவல் போயிற்றா என்று பார்க்க வேண்டும். இரண்டு தரப்பையும் நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்லும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, எப்படியோ பேசிக் கூட்டி வந்தாயிற்று. புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாயிற்று. (போடாதீர்கள். அந்தப் படத்தை அவன் தெருவே பார்க்கும்.) திரும்பி வந்தவர்கள் மறுபடி நிற்பதெல்லாம் பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள்தான். "வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று யாராவது ஒரு ஆசிரியர் கேட்பார், வகுப்பு சிரிக்கும், அடுத்த நாள் ஆள் இருக்காது. எனவே அவன் வருவதற்கு முன்பே ஓய்வறையில் எல்லோரிடமும் சொல்லிவைக்க வேண்டும், அவனுக்குத் தெரியாமல். பழைய சட்டை பத்தாது, ஆறு மாதத்தில் அந்த வயதுப் பையன்கள் அவ்வளவு வளர்கிறார்கள். முன்கூட்டியே ஒரு செட் தேடி வையுங்கள். விட்டுப்போன மூன்று மாத நோட்ஸையும் எழுதிக் காட்டு என்று சொன்னால் அதுவே துரத்திவிடும். பாடத்துக்கு ஒரு இயல், அதுவும் தோழன் நோட்டைப் பார்த்து, இரண்டு வாரத்தில் முடித்தால் போதும். அதுவரை டெஸ்ட் இல்லை. மன்னிப்புக் கடிதமும் இல்லை. பத்து நாளும் காலை ஒன்பதரைக்குள் அவன் இருக்கிறானா என்று ஒருவர் எட்டிப்பார்க்க வேண்டும். இல்லையென்றால் மூன்று நாள் கணக்கெல்லாம் கிடையாது, அன்றே போன்.

பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஊரில் இருப்பது உயர்நிலைப் பள்ளி, அங்கே பத்தோடு முடிகிறது. பிள்ளை டிசி வாங்கிக்கொண்டு போய்விடும். பழைய பள்ளிக்குப் பொறுப்பு தீர்ந்தது, புதிய பள்ளிக்கு அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. எமிஸில் பெயர் 'காமன் பூல்' எனும் பொதுத் தொகுப்பில் மிதக்கும். டிசி கொடுத்த வகுப்பாசிரியர் ஜூன் முடியும்வரை அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டே இருந்து, வேறு பள்ளி எடுத்துக்கொண்டதாகக் காட்டிய பிறகே நோட்டில் அடிக்க வேண்டும். சேர்ந்தவர்களுக்கும் இரண்டு அடி காத்திருக்கிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான், பதினொன்றில் மதியம் பட்டினி. அதோடு, நண்பன் எடுத்தான் என்று எடுத்த கணிதப் பிரிவு. சாப்பாட்டுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் மனது வைத்தால் வழி உண்டு. பிரிவை மாற்றுவதென்றால் முதல் மாதத்திலேயே கேட்டுவிட வேண்டும். காலாண்டுத் தேர்வு வந்தபின் பாடம் பிடிப்பதும் கஷ்டம், மாற்றித் தரவும் தயங்குவார்கள்.

பத்தில் ஒரு பாடம் போனவனுக்கு அந்த வருஷம் வீணாகவில்லை என்பதைத் தேர்வு முடிவு வந்த அன்றே சொல்ல வேண்டும். துணைத்தேர்வில் பாஸ் ஆனால் அதே வருஷம் பதினொன்றில் சேரலாம். விண்ணப்பிக்க ஒரு சில நாட்களே தருவார்கள், அந்த நாட்களில் அவன் ஊரில் இருக்கமாட்டான். தேர்வுக் கட்டணத்தைப் பள்ளியிலேயே யாராவது கட்டிவிட்டு அப்புறம் ஆளைத் தேடலாம். ஏட்டுப்படிப்பே வேண்டாம் என்று உறுதியாக நிற்பவனோடு சண்டை வேண்டாம். பத்து முடித்துவிட்டு ஐடிஐயில் இரண்டு வருஷப் பிரிவு படித்து, தமிழும் ஆங்கிலமும் தனியாக எழுதித் தேறினால் அது பிளஸ் டூவுக்குச் சமம். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. எட்டோடு நின்றவனுக்கும் வெல்டர், வயர்மேன் பிரிவுகள் இருக்கின்றன.

பெயரளவில் பிள்ளையைப் பட்டியலில் வைத்திருப்பது மட்டும் யாருக்கும் நல்லதில்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை என்று பரபரப்பானது. கொரோனாவால் பத்தாம் வகுப்பில் தேர்வே இல்லாமல் தேர்ச்சி பெற்ற அணி அது. அதில் பலர் மாதக்கணக்கில் வகுப்புக்கே வராதவர்கள், பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது. தேர்வு நாளன்று அந்த நாற்காலிகளைப் பார்த்து அதிர்ச்சி அடைந்து என்ன பயன்?

தேர்வுக் காலத்தில் நோட்டின் வேலை சுருங்கிவிடும், வேகமும் கூடிவிடும். ஹால் டிக்கெட்டை இரண்டு நகல் எடுத்து ஒன்றைப் பள்ளியில் வையுங்கள், காலையில் தொலைத்துவிட்டு நிற்பவன் ஒருவன் கட்டாயம் இருப்பான். சந்தேகத்துக்குரிய பத்துப் பதினைந்து பெயர்களுக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்கு ஒரு போன், காலை ஆறரைக்கு ஒரு போன். எட்டேமுக்காலுக்குத் தேர்வு மையத்து வாசலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ண வேண்டும். வராதவன் வீட்டுக்கு அப்போதே ஒருவர் பைக்கை எடுத்தால் பத்து மணிக்குள் அவனைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்துவிடலாம். சட்டை மாட்டும்போது கூடவே ஒரு பேனாவையும் ஸ்கேலையும் கையில் கொடுத்துவிடுங்கள், அவனிடம் இருக்காது.